அடுத்த பிள்ளை தாமதமாகும்போது: முதல் பிரசவத்தின் காகிதங்களிலிருந்து தொடங்குங்கள்



ஒரு வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் ஒரு மகள். காலையில் பள்ளிக்கூடம், மாலையில் மதரஸா. அவள் பிறந்தபோது உம்மாவுக்கு எட்டாம் மாதமே பிரஷர் ஏறியது. அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். ரத்தம் நிற்காமல் போய், இரத்த வங்கிக்கு ஓடினார்கள். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, தாயும் பிள்ளையும் உயிரோடு வீடு திரும்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது ஐந்து வருடம் ஆகிவிட்டது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "அடுத்தது எப்போ?" என்ற கேள்வி. மாமியாருக்கு ஒரு கவலை, நாத்தனாருக்கு ஒரு யோசனை, பக்கத்து வீட்டு லாத்தாவுக்கு ஒரு கைமருந்து. அந்தப் பெண்ணும் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டார். ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை: "அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் உனக்கு என்னதான் செய்தார்கள்?"

இந்த இதழின் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது. சிக்கலான முதல் பிரசவத்துக்குப் பின் அடுத்த கரு தங்காமல் இருந்தால், காரணத்தின் நுனி பெரும்பாலும் அந்தப் பிரசவத்தின் காகிதங்களிலோ, கணவரின் பரிசோதனைத் தாளிலோ, வயதுக் கணக்கிலோ இருக்கும். அதைத் தேடாமல் வருடங்களைக் கழிப்பதுதான் நம் குடும்பங்களுக்குப் பெரிய இழப்பு.

எப்போது இதைப் பிரச்சினை என்று எடுத்துக்கொள்வது?

ஒரு முறையாவது கருவுற்ற பெண்ணுக்கு மறுபடி கரு தங்காமல் போவதை மருத்துவர்கள் இரண்டாம் நிலைக் குழந்தையின்மை என்கிறார்கள். கருத்தடை எதுவும் இல்லாமல், கணவன் மனைவி ஒன்றாக இருந்து, 12 மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதமே போதும். 40-ஐத் தாண்டியிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிடாய் வராமலே இருந்தாலும், முதல் பிரசவத்தில் கீழே சொல்லப்போகும் சிக்கல்கள் இருந்தாலும் அதேபோல உடனே போகலாம்.

இது அபூர்வமான நோய் என்று எண்ண வேண்டாம். வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் கருத்தரிப்பதில் சிரமப்படுகிறவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கணக்குச் சொன்னது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களும் இதில் அடக்கம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, வெளிநாட்டுக் கணக்கு. நம் வீடுகளில் பல கணவர்கள் துபாயிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத விடுமுறையில் வருகிறார்கள். நான்கு வருடம் என்று ஊர் சொல்லும். ஆனால் இருவரும் ஒன்றாக இருந்தது நான்கு மாதம்தான். அதாவது கருத்தரிக்க நான்கே வாய்ப்புகள். இதை வைத்து ஒரு பெண்ணுக்குக் குறை என்று முடிவு கட்டுவது அநியாயம். இப்படிப்பட்ட தம்பதியர் விடுமுறைக்கு மூன்று மாதம் முன்பே மனைவியின் பரிசோதனைகளை முடித்து, கருமுட்டை வெளியாகும் நாட்களை மருத்துவரிடம் கேட்டு, அதற்கேற்ப வரும் தேதியை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, பால் கொடுக்கும் காலம். பிள்ளைக்கு இரண்டு வருடம் முழுமையாகப் பாலூட்டுவது நம் மார்க்கம் காட்டும் வழி. பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும். இரவில் அடிக்கடி பால் கொடுக்கும் சிலருக்கு மாதவிடாய் திரும்புவதற்கே நீண்ட நாளாகும். இது நோயில்லை. ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கருவுக்கு 24 மாதமாவது இடைவெளி நல்லது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனையும். சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் முக்கியம். தையல் போட்ட கருப்பை ஆறுவதற்குள் மறுபடி கர்ப்பமானால், பிரசவத்தின்போது அந்தத் தையல் விடும் ஆபத்து கூடுகிறது.

முதலில் தேட வேண்டிய காகிதம்

முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றே எடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால் பிரசவம் நடந்த மருத்துவமனையில் எழுத்து மூலம் கேளுங்கள். உள்நோயாளியின் பதிவேடுகளை மருத்துவர்கள் மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி. மூன்று ஆண்டுகள் என்பதைக் கவனியுங்கள். அடுத்த பிள்ளை ஏன் தாமதம் என்று நாம் யோசிக்கத் தொடங்கும் நேரத்தில் பழைய பதிவேடு இல்லாமல் போயிருக்கலாம். அதனால் இப்போதுதான் பிரசவமான வீடுகளும் இந்தக் காகிதங்களைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவமானவர்கள் தாய் சேய் நல அட்டையையும் வைத்திருங்கள்.

அந்தக் காகிதத்தில் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. எவ்வளவு ரத்தம் போனது? எத்தனை யூனிட் ஏற்றினார்கள்?
2. நஞ்சு தானாக வந்ததா, கையால் எடுத்தார்களா? பிறகு கருப்பையைச் சுத்தம் செய்தார்களா?
3. சிசேரியன் என்றால் கருப்பையில் எந்த இடத்தில் வெட்டினார்கள்? குறுக்கு வெட்டா, நெடுக்கு வெட்டா?
4. பிரசவத்துக்குப் பின் காய்ச்சல், சீழ், கிருமித் தொற்று இருந்ததா?
5. பிரஷர், வலிப்பு, சுகர் இருந்ததா?
6. தாயின் ரத்த வகை என்ன? நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்ட்டி-டி ஊசி போட்டார்களா?
7. காப்பர்-டி பொருத்தினார்களா?

கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். பிரசவம் முடிந்த உடனேயே, சிசேரியன் என்றால் தைப்பதற்கு முன்பே, காப்பர்-டி வைப்பது இப்போது பரவலான பழக்கம். மயக்கத்திலும் பதற்றத்திலும் கையெழுத்துப் போட்டது நினைவில் இல்லாமல் போகலாம். அதன் நூல் உள்ளே சுருண்டு கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். ஒரு சாதாரண ஸ்கேன் இதைத் தெளிவாக்கிவிடும்.

அன்று நடந்தது இன்று என்ன செய்யும்?

அதிக ரத்தப்போக்கு. மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டு. அதன் பெயர் பிட்யூட்டரி. மாதவிடாய், தாய்ப்பால், தைராய்டு எல்லாவற்றையும் ஏவுவது அதுதான். கர்ப்பத்தில் அது பெரிதாகிறது. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய் பிரஷர் விழுந்துவிட்டால், அந்தச் சுரப்பிக்கு ரத்தம் எட்டாமல் ஒரு பகுதி செயலிழக்கும். 1937-இல் இதை விவரித்த மருத்துவரின் பெயரால் இதற்கு ஷீஹன் நோய் என்று பெயர். பிரசவத்துக்குப் பின் பால் சுரக்கவே இல்லை, மாதவிடாய் திரும்பவில்லை, எப்போதும் சோர்வு, குளிர் தாங்கவில்லை, அக்குள் முடி உதிர்கிறது என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். "ரத்தம் கம்மி, சத்து மாத்திரை போடு" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம். ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். குறைந்த ஹார்மோன்களை மருந்தாகக் கொடுத்துக் கருத்தரிக்க வைக்கவும் முடியும். ஆனால் கார்ட்டிசால் அளவைப் பார்க்காமல் தைராய்டு மாத்திரையை மட்டும் தொடங்குவது இவர்களுக்கு ஆபத்து. ஹார்மோன் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

கருப்பையைச் சுத்தம் செய்தது. நஞ்சின் துண்டு தங்கிவிட்டாலோ கரு கலைந்தாலோ கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்ய நேரிடும். சிலருக்கு அதன் பிறகு உள் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு ஆஷர்மன் நோய் என்று பெயர். முன்பு ஐந்து நாள் வந்த மாதவிடாய் இப்போது ஒரு நாள் கறையோடு நின்றுவிடும், அல்லது வயிற்று வலி மட்டும் வந்து ரத்தமே வராது. கருப்பைக்குள் மெல்லிய குழாய்க் கருவியை விட்டுப் பார்த்து, அந்த ஒட்டுகளை அப்போதே பிரித்துவிடலாம். பிறகு கர்ப்பமானால் நஞ்சு எங்கே, எப்படி ஒட்டியிருக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே வர வேண்டும்.

சிசேரியன் தழும்பு. சிசேரியன் ஆன பெண்களில் பெரும்பாலோர் எந்தச் சிரமமும் இல்லாமல் மறுபடி கருத்தரிக்கிறார்கள். சிலருக்கு மட்டும் தழும்பு இருந்த இடத்தில் சிறு பள்ளம் விழுந்து, அதில் ரத்தம் தேங்கி, மாதவிடாய் முடிந்த பிறகும் பல நாள் பழுப்பு நிறத்தில் கசியும். இதில் நம் பெண்களுக்கு வரும் ஒரு சிரமமும் இருக்கிறது. கசிவு நிற்கவில்லையே என்று குளிப்பைத் தள்ளிப்போடுவார்கள். 28 நாளுக்கு ஒரு முறை மாதவிடாய் ஆகிறவருக்கு ஏறக்குறைய 9-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரைதான் கருத்தரிக்கும் நாட்கள். காத்திருக்கும்போதே அந்த நாட்கள் கடந்துவிடும். அந்தக் கசிவு ஹைளா, இஸ்திஹாளாவா என்று உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் கணவரோ வாப்பாவோ கேட்டுச் சொல்லலாம். கசிவின் காரணத்தை மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் வேண்டும்.

கிருமித் தொற்று. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சல், துர்நாற்றமான கசிவு, கடுமையான அடிவயிற்று வலி ஆகியவை கருக்குழாய்களை அடைத்துவிடக் கூடும். வெளியே எந்த அறிகுறியும் இருக்காது, மாதவிடாய் ஒழுங்காக வரும். நம் நாட்டில் காசநோயும் சத்தமில்லாமல் கருப்பையையும் கருக்குழாயையும் தாக்குகிறது. வீட்டில் யாருக்காவது காசநோய் வந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

குழாயில் தங்கிய கரு. முன்பு கரு கருக்குழாயில் தங்கி ஒரு குழாயை எடுத்திருந்தால், மறு குழாய் நன்றாக இருக்கும்வரை கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் மறுபடியும் அப்படித் தங்கக் கூடும் என்பதால், மாதவிடாய் தள்ளிப்போன இரண்டு, மூன்று வாரத்துக்குள் ஸ்கேன் பார்த்துக் கரு எங்கே இருக்கிறது என்று உறுதி செய்ய வேண்டும். சிசேரியன் ஆனவர்களுக்கும் இந்த ஆரம்ப ஸ்கேன் அவசியம். அரிதாகக் கரு தழும்பிலேயே ஒட்டிக்கொள்வதுண்டு.

பயமும் வலியும். இதை யாரும் பேசுவதில்லை. கிழிந்து தைத்த இடத்தில் வலி இருக்கலாம். "மறுபடியும் அந்த மேசையில் படுக்க முடியாது" என்ற நடுக்கம் இருக்கலாம். இதனால் கணவன் மனைவிக்குள் நெருக்கமே குறைந்துபோயிருக்கலாம். மனைவி சொல்லத் தயங்குகிறார், கணவர் கேட்கத் தயங்குகிறார். வெளியே மருந்து தேடுகிறார்கள். தழும்பு வலிக்குச் சிகிச்சை உண்டு. மனப் பயத்துக்கும் சிகிச்சை உண்டு. 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது. தமிழிலும் பேசலாம்.

கணவரும் வர வேண்டும்

"ஒரு பிள்ளைக்கு வாப்பாதானே, எனக்கென்ன குறை?" என்பது அடிக்கடி கேட்கும் பதில். ஐந்து வருடத்துக்கு முந்தைய உடம்பு இப்போது இல்லை. சுகர், உடல் எடை, புகை, குட்கா, பாலைவன வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் நாள் முழுக்க நிற்கும் வேலை, விதைப்பை நரம்பு வீக்கம் எல்லாம் விந்தணுவைப் பாதிக்கும். கருத்தரிக்காத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கணவர் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. மனைவிக்கு ஊசியும் ஸ்கேனும் ஆரம்பிப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய மலிவான, வலியில்லாத பரிசோதனை விந்துப் பரிசோதனைதான்.

இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். அதை எடுக்கும் முறையில் மார்க்கத் தயக்கம் இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டில் மனைவியோடு இருக்கும்போது எடுப்பதற்கென்றே மருந்து கலக்காத உறைகள் உண்டு. கடையில் விற்கும் சாதாரண ஆணுறை இதற்கு உதவாது, அது விந்தணுவைக் கெடுத்துவிடும். எடுத்த மாதிரியை உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முடிவு குறைவாக வந்தால் மனம் உடைய வேண்டாம். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். புகையையும் குட்காவையும் விட்டு, சுகரைக் கட்டுப்படுத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் மாற்றம் தெரியலாம்.

பரிசோதனைகளின் வரிசை

எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்பது தெரிந்தால் வீண் அலைச்சலும் செலவும் மிச்சம்.

முதலில் இருவருக்கும் பொதுப் பரிசோதனை: ரத்த அளவு, சுகர், தைராய்டு, பிரஷர், எடை. கூடவே கணவரின் விந்துப் பரிசோதனை.

மாதவிடாயின் 2 அல்லது 3-ஆம் நாள்: கருமுட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன் பரிசோதனைகள்.

ரத்தம் நின்ற பிறகு, கருமுட்டை வெளியாகும் முன்: கருப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கும் ஹெச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே. குழாய் திறந்திருக்கிறதா, கருப்பை உள்ளே ஒட்டியிருக்கிறதா என்று இதில் தெரியும்.

அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு: கருமுட்டை வெளியானதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெரிய சிகிச்சை பற்றிய பேச்சு வர வேண்டும். முதல் சந்திப்பிலேயே, பழைய காகிதம் எதையும் பார்க்காமல், லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சைக்கு முன்பணம் கட்டச் சொன்னால், வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் அவசரப்படாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பெரும்பாலான பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024-இல் செயற்கைக் கருத்தரிப்பு மையமும் திறக்கப்பட்டிருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் தமிழக அரசின் 104 எண்ணில் வழிகாட்டுதல் கேட்கலாம்.

கரு தங்குவதற்கு முன்பே தாய்க்குப் பாதுகாப்பு

பிள்ளை வேண்டும் என்ற ஆசையில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. முதல் பிரசவத்தில் உயிர் பிழைத்த தாய், இரண்டாவதிலும் நலமாக வீடு திரும்ப வேண்டும். முதல் பிள்ளைக்கு அவர்தான் உம்மா.

முதல் கர்ப்பத்தில் பிரஷர் வந்திருந்தால் மறுபடியும் வரக் கூடும். இப்போதும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கருத்தரிக்க முயலும் முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சில பிரஷர் மாத்திரைகள் கருவுக்குக் கேடு, அவற்றை மாற்றித் தருவார்கள். கரு தங்கிய பின் 12-ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பது மறுபடி பிரஷர் சிக்கல் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. இதை மருத்துவர் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

கர்ப்பகால சுகர் இருந்தவர்கள் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். செய்யாதவர்கள் இப்போதாவது செய்யுங்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் நிரந்தர சுகர் வருகிறது. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாமல் கருத்தரித்தால் கரு கலையவும், பிள்ளைக்கு உறுப்புக் குறை வரவும் வாய்ப்பு அதிகம். மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி அளவு 6.5-க்குக் கீழே வந்த பின் முயல்வது நல்லது.

தாயின் ரத்த வகை நெகட்டிவ், பிள்ளையினுடையது பாசிட்டிவ் என்றால், ஆன்ட்டி-டி ஊசி தவறியிருந்தால், அது கருத்தரிப்பதைத் தடுக்காது. ஆனால் அடுத்த பிள்ளையின் ரத்தத்தை அழிக்கக் கூடும். இதற்கு முன்கூட்டியே ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

எல்லோரும் செய்ய வேண்டியது: முயலத் தொடங்கும் முன்பே ஃபோலிக் ஆசிட் மாத்திரை. சாதாரணமாகத் தினம் 400 மைக்ரோகிராம். சுகர் உள்ளவர்களுக்கும், முன்பு முதுகுத்தண்டுக் குறையோடு பிள்ளை பிறந்தவர்களுக்கும் மருத்துவர் 5 மில்லிகிராம் எழுதுவார். ரத்தசோகை இருந்தால் அதையும் முதலில் சரிசெய்ய வேண்டும்.

அரிதாக, "இனி கர்ப்பம் தாயின் உயிருக்கே ஆபத்து" என்று மருத்துவர்கள் சொல்லும் நிலையும் உண்டு. அப்போது நம்பிக்கையான இரண்டு மருத்துவர்களிடம் கேட்டு, அந்த அறிவுரையைக் குடும்பம் முழுவதும் ஏற்க வேண்டும். மனைவியை வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

சிகிச்சையும் மார்க்க வரம்பும்

மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு எதிரானதா என்று சிலர் கேட்கிறார்கள். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை. முதுமையில் பிள்ளை கேட்டு இறைஞ்சிய ஜக்கரிய்யா (அலை) அவர்களின் துஆவை ஓதிக்கொண்டே பரிசோதனைக்குப் போகலாம்.

கணவனின் விந்தணுவையே கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ., கணவன் மனைவியின் அணுக்களை வெளியே சேர்த்துக் கருவை அவர் கருப்பையிலேயே வைக்கும் ஐ.வி.எஃப். ஆகியவற்றை, திருமண பந்தம் நீடிக்கும் காலத்தில், தேவை இருந்தால் செய்துகொள்ளலாம் என்பது எகிப்தில் 1980-இல் வழங்கப்பட்ட ஃபத்வா முதல் பெரும்பாலான சுன்னத் வல் ஜமாஅத் உலமாக்களின் கருத்து. வேறொருவரின் விந்தணு, வேறொருத்தியின் கருமுட்டை, வாடகைத் தாய் ஆகியவற்றை அவர்கள் அனுமதிப்பதில்லை. காரணம் நஸப், அதாவது வம்ச உறவு கலந்துவிடும் என்பதே. அதனால் மருத்துவமனையில் கையெழுத்துப் போடும் முன் ஒப்புதல் படிவத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தானம் பெற்ற அணுக்கள் வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். மீதமாகும் கருக்களை என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். 2021-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தச் சிகிச்சை தரும் மையங்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வயது, ஆணுக்கு 21 முதல் 55 வயது என்று வரம்பும் உண்டு. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் பேசும் பேச்சு

"ஒன்று இருக்கிறதே, போதாதா?" என்று ஒருவர் சொல்கிறார். "ஒன்றோடு நிறுத்திவிட்டாயே" என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டும் ஒரே பெண்ணின் காதில் ஒரே நாளில் விழுகின்றன. கையில் ஒரு பிள்ளை இருப்பதால் அவருக்கு அழவும் உரிமை இல்லை என்று ஆக்கிவிடுகிறோம். இருக்கும் பிள்ளைக்காக நன்றி செலுத்துவதும், வராத பிள்ளைக்காக ஏங்குவதும் ஒரே மனதில் சேர்ந்தே இருக்கலாம்.

மாமியார்களுக்கு ஒரு வேண்டுகோள். மருமகளிடம் "அடுத்தது எப்போ?" என்று கேட்பதற்குப் பதிலாக, மகனிடம் "நீ அவளோடு டாக்டரிடம் போனாயா?" என்று கேளுங்கள். கல்யாண வீடுகளில் சகோதரிகள் இந்தக் கேள்வியையே விட்டுவிடலாம். முதல் பிள்ளை "எனக்கு ஏன் தம்பி இல்லை?" என்று கேட்டால், "அல்லாஹ்விடம் துஆ கேட்போம்" என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் சண்டைக்கு நடுவே அந்தப் பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

எல்லாம் செய்தும் கிடைக்காமல் போகலாம். ஆண் மக்களையும் பெண் மக்களையும் தருவதும், தராமல் விடுவதும் அல்லாஹ்வின் நாட்டம் என்று திருக்குர்ஆனின் 42-ஆம் அத்தியாயம் சொல்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆனாலும் அவர்கள் முஃமின்கள் அனைவருக்கும் தாய். மார்க்கக் கல்வியில் அவர்களிடம் பாடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர். பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு பெண்ணை எடைபோடும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு வீடும் யோசிக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.
2. ஒன்றாக இருந்த மாதங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள்.
3. மாதவிடாய் வந்த தேதி, நின்ற தேதி, இடையில் கசிவு இருந்ததா என்பதை மூன்று மாதம் குறித்து வையுங்கள்.
4. கணவரின் பரிசோதனைக்கும் மனைவியின் பரிசோதனைக்கும் ஒரே நாளில் போங்கள்.
5. பிரஷர், சுகர், ரத்த அளவு சரியாக இருக்கிறதா என்று கருத்தரிக்கும் முன்பே பாருங்கள்.

குடும்பமாகப் பேச

நம் வீட்டில் ஒவ்வொரு பிரசவத்திலும் என்ன நடந்தது என்பது யாருக்குத் தெரியும்? அது எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? ஒரு பெண்ணின் பிரசவத்தைப் பற்றி அவருக்கே தெரியாத விஷயம் ஏதாவது இருக்கிறதா? பரிசோதனைக்குப் போக இதுவரை நம்மைத் தடுத்தது பணமா, வெட்கமா, பயமா?

யா அல்லாஹ், பிள்ளைச் செல்வத்துக்காக ஏங்கும் எங்கள் சகோதரிகளின் உள்ளங்களுக்கு ஆறுதலைத் தருவாயாக. ஸாலிஹான சந்ததியை அவர்களுக்கு நலமாக அருள்வாயாக. அவர்களைச் சொல்லால் காயப்படுத்தும் பாவத்திலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக. ஆமீன்.